டிஸ்க் இல்லாத வீட்டுக் கணினிகள்: ஒரே சர்வரிலிருந்து பூட் செய்வது எப்படி

வீட்டில் மூன்று நான்கு கணினிகள் இருந்தால் அத்தனைக்கும் தனித்தனி இயங்குதளம், தனித்தனி அப்டேட், தனித்தனி பேக்கப். எந்த ஃபைல் எந்தக் கணினியில் இருக்கிறது என்று தேடுவதே ஒரு வேலையாகிவிடும். இவற்றிலிருந்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, இயங்குதளம், மென்பொருள்கள், சொந்த ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒரு சர்வரில் வைத்து, நெட்வொர்க் கேபிள் வழியாகவே கணினிகளை ஓட்ட முடியும். கணினியில் ப்ராசஸரும் ராமும் நெட்வொர்க் கார்டும் இருந்தால் போதும்.

இது பழைய யோசனைதான். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிர்வு முறையைக் கொண்டுவந்தது. ஹார்ட் டிஸ்க் விலை மிக அதிகமாக இருந்த அந்த நாட்களில், டிஸ்க் இல்லாத கணினிகளை அதன் மேல் ஓட்டினார்கள். 1990களின் பிற்பகுதியில் இன்டெல் பிஎக்ஸ்இ முறையை வகுத்த பிறகு, சாதாரண மேசைக் கணினிகளுக்கும் நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆகும் வசதி வந்துவிட்டது. உங்கள் கணினியிலும் அநேகமாக இருக்கும். கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

என் வீட்டில் சில ஆண்டுகளாக இப்படித்தான் ஓடுகிறது. டிஸ்க் செலவு மிச்சமாகும் என்பதற்காக இதில் இறங்காதீர்கள், அது இன்று பெரிய மிச்சம் இல்லை. கவனிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று ஆகிவிடுகிறது, அதற்காக இறங்குங்கள். பதிலுக்கு, அந்த ஒரு இடம் படுத்தால் எல்லாக் கணினிகளும் சேர்ந்து படுக்கும். இது சம்மதம் என்றால் மேலே போகலாம். கீழே சொல்வது லினக்ஸுக்கு, குறிப்பாக டெபியன், உபுண்டு வகைக்கு.

பூட் ஆகும்போது நடப்பது

செய்யத் தொடங்கும் முன் இந்தப் பகுதியை இரண்டு முறை படித்துவிடுங்கள். பின்னால் ஏதாவது சிக்கினால் இதுதான் கைகொடுக்கும்.

பவர் பட்டனை அழுத்தியதும் நெட்வொர்க் கார்டு, 'எனக்கு ஓர் ஐபி முகவரி வேண்டும், பூட் ஆக ஏதாவது இருக்கிறதா?' என்று நெட்வொர்க் முழுவதும் கூவிக் கேட்கிறது. இந்தப் பேச்சின் பெயர் டிஹெச்சிபி. பதிலாக ஒரு முகவரியும், 'இந்த சர்வரிலிருந்து இந்த ஃபைலை எடுத்துக்கொள்' என்ற தகவலும் வருகின்றன. கார்டு அந்த ஃபைலை டிஎஃப்டிபி என்ற மிக எளிய முறையில் இறக்கிக்கொள்கிறது. அது ஒரு சிறிய பூட்லோடர். பூட்லோடர் தன் அமைப்பு ஃபைலைப் படித்து, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் எனப்படும் தற்காலிகக் குட்டி அமைப்பையும் இறக்கி ஓட விடுகிறது. கார்டு முதலில் வாங்கிய முகவரி கெர்னலுக்குத் தெரியாது. அதனால் குட்டி அமைப்பு இன்னொரு முறை முகவரி கேட்கிறது. கிடைத்ததும் சர்வரில் உள்ள ஒரு ஃபோல்டரை என்எஃப்எஸ் வழியாக ரூட்டாக, அதாவது மற்ற எல்லா ஃபைல்களும் அடங்கும் தலைமை ஃபோல்டராக, இணைக்கிறது. அதற்குப் பிறகு எல்லாம் வழக்கமான லினக்ஸ்.

ஆக, பொறுப்பு கார்டிடமிருந்து பூட்லோடருக்கும், அதனிடமிருந்து இனிட்ராம்எஃப்எஸுக்கும், கடைசியில் முழு அமைப்புக்கும் கைமாறுகிறது. எங்கே நின்றாலும், யார் கையில் இருக்கும்போது நின்றது என்பதை முதலில் பாருங்கள். புதிதாகச் செய்பவர்கள் பலர் டிஹெச்சிபி கோளாறுக்கு என்எஃப்எஸ் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு நாளையே தொலைத்துவிடுகிறார்கள்.

சர்வரும் கேபிளும்

சர்வர் என்றால் பெரிய இயந்திரம் தேவையில்லை. 8 ஜிபி ராமும் ஓர் எஸ்எஸ்டியும் உள்ள பழைய மேசைக் கணினி நான்கு பேருக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். எஸ்எஸ்டி ஏன் என்றால், ஓர் இயங்குதளம் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்கிறது. சுழலும் ஹார்ட் டிஸ்கின் முள் ஒவ்வொரு முறை இடம் மாறவும் 10 மில்லி நொடி வரை ஆகும். கிகாபிட் நெட்வொர்க்கில் ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஒரு மில்லி நொடிகூட ஆகாது. அதனால் சர்வரில் எஸ்எஸ்டி இருந்தால், டிஸ்க் இல்லாத கணினி, உள்ளேயே பழைய ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கும் கணினியைவிடச் சுறுசுறுப்பாக எழுவதைப் பார்க்கலாம். ராமும் உதவுகிறது: முதல் கணினி படித்த ஃபைல்கள் சர்வரின் நினைவகத்தில் தங்கிவிடுவதால், இரண்டாவது கணினிக்கு எஸ்எஸ்டியைக்கூடத் தொட வேண்டியிருக்காது.

கிகாபிட் என்பதில் மட்டும் சமரசம் வேண்டாம். அதில் நொடிக்கு 110 மெகாபைட் அளவில் ஓடும். 100 மெகாபிட் நெட்வொர்க்கில் 12 மெகாபைட்டைத் தாண்டாது. பிரவுசர் திறப்பதற்கே பொறுமை போய்விடும். கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு கம்பி அறுந்திருந்தால் பல நேரம் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். விளக்கும் எரியும், இணையமும் வரும், ஆனால் கணினி மட்டும் ஊரும். என் வீட்டில் ஒரு கணினி ஏன் மந்தமாக இருக்கிறது என்று இரண்டு வாரம் சர்வர் அமைப்புகளையே குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில் கதவிடுக்கில் நசுங்கிய கேபிள்தான் காரணம். ஐபெர்ஃப்3 என்ற கருவியை இரண்டு முனைகளிலும் ஓட்டிப் பாருங்கள். 940 மெகாபிட் பக்கத்தில் காட்டினால் கேபிளில் குறையில்லை.

வைஃபை இதற்கு ஒத்துவராது. சாதாரணக் கணினிகளின் பிஎக்ஸ்இ கேபிளை நம்பித்தான் இருக்கிறது, தவிர ரூட் ஃபோல்டரே நெட்வொர்க்கில் இருக்கும்போது இணைப்பு கண் சிமிட்டினாலும் கணினி உறைந்து நிற்கும்.

முகவரியும் பூட் தகவலும்

சர்வருக்கு மாறாத ஐபி முகவரி கொடுங்கள். உதாரணமாக 192.168.1.10. ரவுட்டர் தானாகப் பகிர்ந்தளிக்கும் முகவரி வரம்புக்கு வெளியே அது இருக்கட்டும்.

அடுத்து டிஎன்எஸ்மாஸ்க். டிஹெச்சிபி, டிஎஃப்டிபி இரண்டையும் இந்த ஒரே மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இங்கே பலர் சறுக்குகிறார்கள்: ரவுட்டர் ஏற்கெனவே முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும்போது சர்வரும் கொடுக்கத் தொடங்கினால் வீட்டின் மொத்த இணையமும் குழம்பிவிடும். அதைத் தவிர்க்க ப்ராக்சி முறை இருக்கிறது. டிஎன்எஸ்மாஸ்க் அமைப்பு ஃபைலில், டிஹெச்சிபி வரம்பைச் சொல்லும் வரியில் 192.168.1.0 என்று எழுதி, கமா போட்டு ப்ராக்சி என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள். இனி முகவரியை ரவுட்டரே கொடுக்கும். பூட் ஃபைல் தகவலை மட்டும் சர்வர் சொல்லும். ரவுட்டரில் எதையும் மாற்ற வேண்டாம்.

அதே ஃபைலில் டிஎஃப்டிபி சேவையை இயக்கி, பூட் ஃபைல்கள் இருக்கப்போகும் ஃபோல்டரைக் காட்டுங்கள். இணையப் பெயர்களுக்கு ஐபி முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் வேலை தேவையில்லை என்றால் போர்ட் எண்ணை 0 என்று வைத்து அதை அணைத்துவிடலாம். ப்ராக்சி முறையில் பூட் ஃபைலின் பெயரை பிஎக்ஸ்இ சர்வீஸ் என்ற வரியில் சொல்ல வேண்டும். பழைய பயாஸ் கணினிக்கு ஒரு வரி, பயாஸின் இடத்தில் புதிதாக வந்த யூஇஎஃப்ஐ உள்ள கணினிக்கு ஒரு வரி என்று இரண்டு எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரே பூட்லோடர் ஃபைல் ஓடாது.

டிஹெச்சிபி பதிவுகளை விரிவாக எழுதச் சொல்லும் அமைப்பையும் இப்போதே போட்டுவிடுங்கள். எந்தக் கணினி எப்போது என்ன கேட்டது, என்ன பதில் போனது என்பது வரி வரியாக லாக்கில் தெரியும்.

பூட்லோடருக்கு கிரப் போதும். பயாஸ், யூஇஎஃப்ஐ இரண்டு வகை கிரப் தொகுப்புகளையும் சர்வரில் நிறுவிய பிறகு, கிரப் எம்கேநெட்டிர் என்ற கட்டளைக்கு டிஎஃப்டிபி ஃபோல்டரைக் காட்டினால், தேவையான ஃபைல்களை அதுவே அடுக்கிக் கொடுக்கும். கையொப்பமிட்ட பூட் ஃபைல்களை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் போட்டிருக்கும் கணினியில் இப்படி உருவான ஃபைல் ஓடாது; அதை அணைத்துவிடுங்கள், அல்லது உங்கள் லினக்ஸ் தரும் கையொப்பமிட்ட ஷிம், கிரப் ஃபைல்களைப் பயன்படுத்துங்கள்.

கணினிகளுக்கான ரூட்

சர்வரின் டிஸ்கில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி, டிபூட்ஸ்ட்ராப் கட்டளையால் அதற்குள் ஒரு முழு லினக்ஸை இறக்குங்கள். பிறகு சிஹெச்ரூட் வழியாக அந்த ஃபோல்டருக்குள் நுழைந்தால், ஒரு தனிக் கணினிக்குள் உட்கார்ந்தது போலவே வேலை செய்யலாம். கெர்னலையும் என்எஃப்எஸ் காமன் தொகுப்பையும் மறக்காமல் நிறுவுங்கள். அப்புறம் மேசைச்சூழல், பிரவுசர், உங்களுக்கு வேண்டிய மற்றவை. இந்த ரூட்டுக்கு வைக்கும் பாஸ்வேர்டு சர்வரின் பாஸ்வேர்டாக இருக்கவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில், மாட்யூல்கள் வரியில் மோஸ்ட் என்ற மதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தபட்ச டிரைவர்கள் மட்டும் என்று இருந்தால், அது உருவாகும்போது சர்வரின் நெட்வொர்க் கார்டை மட்டும் பார்த்து டிரைவரைச் சேர்த்துக்கொள்ளும். வேறு கார்டு உள்ள உங்கள் கணினி நடுவழியில் நின்றுவிடும். உருவான கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸையும் டிஎஃப்டிபி ஃபோல்டருக்கு நகலெடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. டிஎஃப்டிபியின் அடிப்படை வடிவம் 512 பைட் துண்டுகளாக அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்குக் காத்திருக்கும். 60 மெகாபைட் இனிட்ராம்எஃப்எஸ் என்றால் 1,22,880 முறை போய்வர வேண்டும். துண்டு ஒன்றுக்குக் கால் மில்லி நொடி என்று வைத்தாலும் அரை நிமிடம் போய்விடும். துண்டின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி பின்னால் வந்தது, கிரப்பும் அதைப் பயன்படுத்துகிறது. இன்னும் வேகம் வேண்டுமென்றால் சர்வரில் ஒரு வெப் சர்வரை வைத்து, கிரப்பை ஹெச்டிடிபி வழியாக எடுக்கச் சொல்லுங்கள். இது முதல் நாள் வேலை இல்லை. எல்லாம் ஓடிய பிறகு செய்யலாம்.

சரி, இப்போது என்எஃப்எஸ். சர்வரில் என்எஃப்எஸ் கெர்னல் சர்வரை நிறுவி, எந்த ஃபோல்டரை யாருக்குத் திறப்பது என்று சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் இரண்டு வரிகள் எழுத வேண்டும். ரூட் ஃபோல்டருக்கு ஒன்று, எல்லோருடைய சொந்த ஃபைல்களும் இருக்கும் ஹோம் ஃபோல்டருக்கு ஒன்று. ரூட்டைப் படிக்க மட்டும் அனுமதியுங்கள், ஹோமில் எழுதவும் அனுமதியுங்கள். ரூட் வரியில் நோ ரூட் ஸ்குவாஷ் என்ற விருப்பம் கட்டாயம் வேண்டும், சொற்களுக்கு நடுவே கீழ்க்கோடு. அது இல்லாவிட்டால் கணினியின் ரூட் பயனரை, அதாவது முழு அதிகாரம் உள்ள நிர்வாகியை, சர்வர் யாரோ ஒருவராகத்தான் நடத்தும். பாஸ்வேர்டுகள் இருக்கும் ஷேடோ ஃபைலைக்கூட அவரால் படிக்க முடியாது, லாகின் நடக்காது. ஹோம் வரியில் இந்த விருப்பத்தைச் சேர்க்காதீர்கள்.

எழுதி முடித்ததும் நேராகக் கணினியை பூட் செய்து பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். ஏற்கெனவே லினக்ஸ் ஓடும் ஒரு மடிக்கணினியிலிருந்து அந்த ஃபோல்டரை மவுண்ட் செய்து, அதாவது இணைத்து, பாருங்கள். டிஎஃப்டிபியிலிருந்து ஒரு ஃபைலையும் கையால் இறக்கிப் பாருங்கள். இரண்டும் ஓடினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கடைசியாக கிரப் அமைப்பு ஃபைலில் கெர்னல் வரி. அதில் மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும்: ரூட் என்எஃப்எஸில் இருக்கிறது, அதன் இடம் 192.168.1.10 முகவரியில் இன்ன ஃபோல்டர், ஐபி முகவரியை டிஹெச்சிபியில் கேட்டு வாங்கிக்கொள். சில லினக்ஸ்களின் இனிட்ராம்எஃப்எஸில் இருக்கும் என்எஃப்எஸ் கருவிக்கு 3ஆம் பதிப்பு மட்டுமே தெரியும். சர்வரில் 4ஆம் பதிப்பை மட்டும் திறந்து வைத்திருந்தால், காரணமே சொல்லாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். தொடக்கத்தில் இரண்டையும் திறந்து வையுங்கள்.

எல்லோரும் ஒரே ரூட்டில் எழுதலாமா?

கூடாது. இரண்டு கணினிகள் ஒரே ரூட்டில் லாக்கையும் தற்காலிக ஃபைல்களையும் எழுதத் தொடங்கினால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். ரூட்டைப் படிக்க மட்டும் வைத்ததற்கு இதுவே காரணம். ஆனால் எழுத இடமே இல்லாவிட்டால் பல மென்பொருள்கள் ஓடாது. இதற்கு ஓவர்லே என்ற ஏற்பாடு: அடியில் சர்வரின் ரூட், அதற்கு மேல் கணினியின் ராமில் ஒரு மெல்லிய அடுக்கு. எழுதுவதெல்லாம் மேலடுக்கில் போகும், அணைத்ததும் மறைந்துவிடும். உபுண்டுவில் ஓவர்லேரூட் என்ற தொகுப்பை ரூட்டுக்குள் நிறுவி, இனிட்ராம்எஃப்எஸை மறுபடி உருவாக்கி, மேலடுக்கு ராமில் என்று கெர்னல் வரியில் சேர்த்தால் முடிந்தது. மேலடுக்கையும் என்எஃப்எஸிலேயே வைக்க முயலாதீர்கள், கெர்னல் அதை ஏற்காது.

இதனால் ஒரு பெரிய நிம்மதி கிடைக்கிறது. குழந்தைகள் எந்த அமைப்பைக் கலைத்தாலும் ரூட் கெடாது. அணைத்துப் போட்டால் பழையபடி வந்துவிடும். ஹோம் ஃபோல்டர் மட்டும் சர்வரில் நேரடியாக எழுதப்படுவதால், ஒருவர் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவருடைய ஃபைல்கள் அங்கே இருக்கும். ராம் கணினிக்கு 4 ஜிபியாவது இருக்கட்டும். ராம் நிரம்பும்போது கைகொடுக்கும் ஸ்வாப் வேண்டுமென்றால் அதை நெட்வொர்க்கில் வைக்காமல், ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ராம் பயன்படுத்துங்கள்.

கை வைத்தால் தெரியும் சிக்கல்கள்

நெட்வொர்க் மேனேஜர், தன் வழக்கப்படி இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைக்கப் பார்க்கும். ரூட் ஃபோல்டர் அந்த இணைப்பின் மறுமுனையில் இருப்பது அதற்குத் தெரியாது. பூட் ஆன கார்டைத் தொட வேண்டாம் என்று அதன் அமைப்பில் எழுதிவையுங்கள். பாதி பூட்டில் திரை உறைந்தால் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

பிங் கட்டளை சாதாரணப் பயனருக்கு ஓடாமல் போகலாம். ஃபைலோடு ஒட்டியிருக்கும் சிறப்பு அனுமதிகளை என்எஃப்எஸ் கடத்துவதில்லை. பயமுறுத்தும் கோளாறு இல்லை, கெர்னல் அமைப்பில் பிங்குக்கான குழு வரம்பைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும்.

பிரவுசர்கள் தங்கள் தகவலை எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள ஃபைல்களில் வைத்து ஓயாமல் எழுதுகின்றன. என்எஃப்எஸில் அது மெதுவாகத்தான் இருக்கும். கேஷை ராமுக்கு மாற்றினால் நல்ல வித்தியாசம் தெரியும். ஒரே ஆள் இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் பிரவுசரைத் திறந்தால் அந்த ப்ரொஃபைல் பூட்டியிருப்பதாகச் செய்தி வரும். ஒரு இடத்தில் மூடிவிட்டு வர வேண்டியதுதான்.

பூட்டே ஆகவில்லை என்றால் திரையில் வரும் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிஎக்ஸ்இ ஈ61 என்றால் கேபிளைப் பாருங்கள். ஈ51, யூஇஎஃப்ஐயில் ஈ16 என்றால் டிஹெச்சிபி பதில் வரவில்லை. ஈ53 என்றால் முகவரி வந்தது, பூட் ஃபைல் பெயர் வரவில்லை. டிஎன்எஸ்மாஸ்க் ஓடுகிறதா, பிஎக்ஸ்இ சர்வீஸ் வரி சரியா என்று பார்க்க வேண்டும். ஈ32 என்றால் டிஎஃப்டிபி பதில் தரவில்லை, பெரும்பாலும் ஃபயர்வால் யூடிபி போர்ட் 69ஐ அடைத்திருக்கும். ஈ3பி என்றால் அந்தப் பெயரில் ஃபைல் இல்லை. நிர்வகிக்கக்கூடிய பெரிய ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: கேபிள்கள் வளையமாகிவிடாமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ ஒவ்வொரு போர்ட்டையும் திறக்க 30 நொடி எடுக்கலாம், அதற்குள் கார்டு கேட்டு ஓய்ந்துவிடும். கணினிகள் இருக்கும் போர்ட்டுகளில் உடனடித் திறப்பைப் போட்டுவிடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் தெளிவாக இருங்கள். இந்த வகை என்எஃப்எஸ், கேட்பவரின் ஐபி முகவரியையும் அவர் சொல்லும் பயனர் எண்ணையும் அப்படியே நம்புகிறது. உங்கள் நெட்வொர்க்குக்குள் வந்துவிட்ட யாரும் ரூட்டில் உள்ள ஷேடோ ஃபைலைப் படிக்க முடியும். பாஸ்வேர்டு வேறாக இருக்கட்டும் என்றது இதற்காகத்தான். விருந்தினர் வைஃபையைத் தனி நெட்வொர்க்கில் பிரித்துவிடுங்கள். எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் உங்கள் கணினிகளின் முகவரிகளை மட்டும் எழுதுங்கள்.

அப்டேட்

ஆரம்பத்தில் நான், கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வரில் அந்த ரூட்டுக்குள் நுழைந்து அப்டேட் போட்டேன். பக்கத்து அறையில் ஒரு நீண்ட கடிதம் எழுதிக்கொண்டிருந்தவரின் மென்பொருள், 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. கணினி பயன்படுத்திக்கொண்டிருந்த ஃபைல் சர்வரில் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் வேறு ஃபைல் வந்ததால் நேர்ந்தது அது. கடிதம் போய்விட்டது.

இப்போது ஓடும் ரூட்டைத் தொடுவதே இல்லை. அதை முழுதாக இன்னொரு ஃபோல்டருக்கு நகலெடுத்து, நகலுக்குள் அப்டேட் போட்டு, புதிய கெர்னலை டிஎஃப்டிபி ஃபோல்டருக்கு மாற்றி, கிரப் மெனுவில் அதற்கு ஒரு தனி வரி சேர்க்கிறேன். நகலின் ஃபோல்டரும் எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் இருக்க வேண்டும். ஒரு கணினியில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மெனுவின் இயல்பு வரியை மாற்றுகிறேன். மற்றவர்கள் அடுத்த முறை பூட் செய்யும்போது புதியதில் எழுவார்கள். பழைய ஃபோல்டர் ஒரு மாதம் அப்படியே இருக்கும். சர்வரின் டிஸ்கில் பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்பைப் பயன்படுத்தினால் நகலெடுப்பது ஸ்னாப்ஷாட்டாக நொடியில் முடிந்துவிடும், இடமும் அதிகம் பிடிக்காது.

சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் யூபிஎஸ் வையுங்கள். சர்வர் திடீரென்று நின்றால் கணினிகள் உறைந்து காத்திருக்கும். சர்வர் திரும்பி வந்ததும் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்தப் பொறுமை என்எஃப்எஸின் 'ஹார்ட்' மவுண்டால் வருகிறது, அதை 'சாஃப்ட்' ஆக மாற்றாதீர்கள். ஹோம் ஃபோல்டரை வேறொரு டிஸ்குக்குத் தினமும் பேக்கப் எடுங்கள். இரண்டு டிஸ்குகளை ரெய்டில் கண்ணாடிபோல் ஓட்டுவது பேக்கப் ஆகாது, தவறுதலாக அழித்த ஃபைல் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழியும்.

இவ்வளவையும் கையால் செய்ய விருப்பமில்லை என்றால் எல்டிஎஸ்பி இருக்கிறது. 1999இல் தொடங்கிய திட்டம் அது, பள்ளிக் கணினி அறைகளில் நிறையப் பயன்பட்டது. சர்வரின் இயங்குதளத்தையே படிமமாக்கி, ப்ராக்சி டிஹெச்சிபி, என்எஃப்எஸ், ஓவர்லே எல்லாவற்றையும் சில கட்டளைகளில் அமைத்துத் தரும். ஆனாலும் ஒருமுறை கையால் செய்து பார்க்கச் சொல்வேன். எல்டிஎஸ்பி நடுவில் நின்றாலும் இதே கைமாற்றங்களில் ஒன்றில்தான் நிற்கும். விண்டோஸ் வேண்டுமென்றால் என்எஃப்எஸ் உதவாது. ஐஸ்கஸி என்ற முறையில் ஒவ்வொரு கணினிக்கும் சர்வரில் ஒரு தனி டிஸ்கையே ஒதுக்க வேண்டும். அதை முதல் முயற்சியாக எடுக்காதீர்கள்.

எந்தக் கணினியிலிருந்தும் முதல் நாளே டிஸ்கைக் கழற்ற வேண்டாம். பயாஸில் நெட்வொர்க் பூட்டை மேலே ஏற்றி, டிஸ்கை இரண்டாவதாக வையுங்கள். சர்வர் கைவிட்டால் கணினி தன் பழைய டிஸ்கிலிருந்து எழும். ஒரு மாதம் தொல்லை இல்லாமல் ஓடிய பிறகு கழற்றுங்கள். கழற்றியதில் நல்ல நிலையில் உள்ள ஒன்றை சர்வரின் பேக்கப் டிஸ்காக மாட்டிவிடலாம்.